எட்மண்டனில் இறங்காத பயணி: ராண்டால்ஃப் கால்டெகாட்டின் கோடும் நகையும்

வட இலண்டனைச் சார்ந்த எட்மண்டன், ஆங்கில இலக்கிய வரலாற்றில் மூவரால் நினைக்கப்படும் ஊர். கவிஞர் ஜான் கீட்ஸ் இங்கே தாமஸ் ஹாமண்ட் என்னும் மருத்துவரிடம் இளம் பயிற்சியாளராக இருந்தார். கட்டுரையாளர் சார்லஸ் லாம் தம் இறுதி நாள்களை இவ்வூரில் கழித்து, 1834இல் மறைந்து, இங்குள்ள தேவாலய வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். மூன்றாமவர் உயிரோடு வாழ்ந்தவர் அல்லர், கவிதையில் பிறந்தவர். அவர் இவ்வூருக்கு வந்து சேர்ந்தவரும் அல்லர். ஜான் கில்பின் என்னும் இலண்டன் துணி வணிகர் எட்மண்டனில் விருந்துண்ணப் புறப்பட்டு, இருமுறை அவ்வூரைக் கடந்தும், ஒருமுறையேனும் குதிரையைவிட்டு இறங்க முடியாமல் வீடு திரும்பியவர். லாம் வாழ்ந்த சர்ச் வீதியில் இன்று நாகபூஷணி அம்பாள் கோயில் நிற்கிறது. ஈழத்தமிழர் பலருக்கு எட்மண்டன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அக்கோயிலே. கில்பினின் கதை அவர்களிடையே பெரிதும் அறியப்படாதது. ஆயினும் அக்கதைக்கு வரையப்பட்ட படங்கள் தமிழாய்வு இன்றளவும் போதிய கவனம் செலுத்தாத ஒரு சிக்கலைத் தெளிவாக முன்வைக்கின்றன. எழுத்தும் படமும் சேர்ந்து ஒரே படைப்பாக நிற்கும்போது அதனை எவ்வாறு படிப்பது என்பதே அச்சிக்கல்.

வில்லியம் கூப்பர் எழுதிய அக்கவிதை 1782இல் 'பப்ளிக் அட்வர்டைசர்' இதழில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. ஆழ்ந்த மனச்சோர்வால் வருந்திய கூப்பருக்கு ஆஸ்டின் சீமாட்டி ஆறுதலாகச் சொன்ன கதையே அதன் கரு. ஹெண்டர்சன் என்னும் நடிகர் 1785இல் மேடையில் வாசித்த பின்னரே அது ஊரறிந்த பாட்டாயிற்று. கதை மிக எளியது. திருமணமாகி இருபது ஆண்டுகள் கழிந்தும் ஒருநாளும் ஓய்வறியாத தம்பதியர் எட்மண்டனிலுள்ள 'பெல்' விடுதியில் விருந்துண்ணத் திட்டமிடுகின்றனர். மனைவியும் பிள்ளைகளும் மனைவியின் தங்கையும் வண்டியில் முன்செல்ல, கில்பின் இரவல் குதிரையில் பின்தொடர வேண்டும். ஏறும் நேரத்தில் மூன்று வாடிக்கையாளர் வருகின்றனர். வணிகரால் வரவை விட முடியவில்லை. மறந்துவிட்ட மது ஜாடிகளை இடைவாரில் கோத்துக்கொண்டு, மேலே சிவப்புப் போர்வை போர்த்துப் புறப்படுகிறார். குதிரை பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. தொப்பி போகிறது, பொய்முடி போகிறது, ஜாடிகள் உடைகின்றன. எட்மண்டன் விடுதி மாடத்தில் மனைவி நின்று கூவியழைக்கக் கேட்டும் குதிரை நில்லாது, பத்து மைலுக்கு அப்பால் வேர் என்னும் ஊரிலுள்ள தன் உடையவன் வீட்டுக்கே போய் நிற்கிறது. திரும்பி வரும் வழியில் ஒரு கழுதை கத்த, மீண்டும் ஓட்டம். மீண்டும் எட்மண்டன் பின்னால் போகிறது. ஏறிய இடத்திலேயே இறங்குகிறார்.

இக்கவிதைக்குப் படம் வரைந்தோர் பலர். 1828இல் ஜார்ஜ் குரூக்ஷாங்க் ஆறு மரச்செதுக்குப் படங்கள் அளித்தார். ஆனால் ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1878ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விற்பனைக்கு ஒரு ஷில்லிங் விலையில் வெளிவந்த சிறுநூலே கில்பினுக்கு நிலையான உருவத்தைக் கொடுத்தது. அதனை வரைந்தவர் ராண்டால்ஃப் கால்டெகாட், மரக்கட்டையில் செதுக்கி வண்ணத்தில் அச்சிட்டவர் எட்மண்ட் எவன்ஸ், வெளியிட்டவர் ரௌட்லெட்ஜ்.

வங்கி எழுத்தர்

கால்டெகாட் 1846 மார்ச் 22 அன்று செஸ்டர் நகரில் பிறந்தார். பதினைந்தாம் வயதில் பள்ளியை விட்டு, விட்சர்ச் என்னும் சிற்றூரில் வங்கி எழுத்தரானார். அவருடைய கலைக்கு உண்மையான பள்ளி இச்சிற்றூரே எனலாம். வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில் கிராமப்புறங்களில் குதிரையேறித் திரிந்தார். வேட்டைக்குச் செல்வோருடன் சென்றார். சந்தைகளையும் பண்ணைகளையும் கண்டார். 1861இலேயே செஸ்டர் இரயில்வே விடுதி தீப்பற்றிய காட்சியை அவர் வரைந்து அனுப்ப, அது 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழில் வெளிவந்தது. 1867இல் மான்செஸ்டர் வங்கிக்கு மாறி, அங்கே கலைப்பள்ளியின் மாலை வகுப்புகளில் பயின்றார். 1872இல் வேலையைத் துறந்து இலண்டன் வந்தார்.

இலண்டனில் அவர் கற்றவற்றுள் ஒன்றை விமரிசகர் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். பிரெஞ்சுச் சிற்பி ஜூல் தலூவிடம் அவர் களிமண் உருச் சமைக்கப் பழகினார். பிரித்தானிப் பகுதியின் குதிரைச் சந்தையைப் புடைப்புச் சிற்பமாகவும் வடித்தார். தாளில் அவர் இடும் குதிரை மெல்லிய கோடுதான். ஆயினும் அதன் தோளிலும் தொடையிலும் எடை இருக்கிறது. விலங்கின் எலும்பும் தசையும் எவ்வாறு நகரும் என்பதைக் கைவிரலால் அறிந்த ஒருவரே அத்தனை குறைந்த கோடுகளில் அதனை ஓடவிட முடியும். நகைச்சுவை ஓவியத்தில் உடற்கூறு அறிவு தேவையில்லை என்பது பரவலான எண்ணம். கால்டெகாட்டின் குதிரை அதனைப் பொய்யாக்குகிறது. சறுக்கும் குதிரை உண்மையான குதிரையாக இருந்தாலொழிய, அதன்மேல் இருப்பவரின் திகில் சிரிப்பூட்டாது.

வாஷிங்டன் இர்விங்கின் 'ஓல்ட் கிறிஸ்துமஸ்' நூலுக்கு வரைந்த படங்கள் (1875) அவருக்குப் பெயர் தேடித்தந்தன. அதன்பின் எவன்ஸ் அவரை நாடினார். 1878 முதல் 1885 வரை ஆண்டுக்கு இரண்டாகப் பதினாறு படநூல்கள் வெளிவந்தன. அவற்றுள் முதல் இரண்டு, 'ஜாக் கட்டிய வீடு' என்னும் நாட்டுப் பாடலும் கில்பின் கதையுமாகும். முதற்பதிப்பில் பத்தாயிரம் படிகள் அச்சிடப்பட்டு விரைவிலேயே விற்றுத் தீர்ந்தன. மொத்தத் தொகை பெறாமல் விற்ற படிக்கேற்ற உரிமைத்தொகை பெற அவர் உடன்பட்டது குறிப்பிடத்தக்கது. விற்கவில்லையெனில் ஒன்றும் வேண்டாம் என்பது ஏற்பாடு. முன்னாள் வங்கி எழுத்தர் கணக்கில் தவறவில்லை.

உடல்நலம் மட்டும் அவருக்கு ஒருபோதும் வாய்க்கவில்லை. இளமையில் வந்த காய்ச்சலால் இதயம் நலிந்திருந்தது. 1880இல் மரியன் பிரிண்டை மணந்து கென்ட் மாவட்டத்தில் குடியேறினார். குளிருக்கு அஞ்சி 1885 இறுதியில் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, புளோரிடாவின் செயிண்ட் அகஸ்டின் நகரில் 1886 பிப்ரவரி 12 அன்று நாற்பது வயது நிரம்பும் முன்பே காலமானார்.

கட்டை, மை, கை

கால்டெகாட்டை அச்சோவியர் என்று அழைப்பது பொருந்துமா என்னும் வினா எழலாம். கில்பின் நூலின் கட்டைகளை அவர் கையால் செதுக்கவில்லை. அச்சு அவருடைய சிந்தனைக்குள் புகுந்த முறையைக் கண்டால் இவ்வினாவின் கூர்மை மழுங்கும். அவர் பேனாவால் வரைந்த கோட்டோவியம் ஒளிப்படமாக மரக்கட்டையின் மேல் பதிக்கப்பட்டு, கோட்டுக்குக் கோடு செதுக்கப்பட்டது. அம்மூலக்கட்டை அடர்பழுப்பு மையில் அச்சாகும். அவ்வச்சுப்படியை அவரே நீர்வண்ணத்தால் தீட்டித் தருவார். அதைப் பார்த்து எவன்ஸ் வண்ணத்துக்கு ஒன்றாகப் பிற கட்டைகளைச் செதுக்குவார்: முகத்துக்கும் கைக்கும் உரிய தோல்நிறம், சிவப்பு, நீலம், மஞ்சள், சாம்பல். ஆறு கட்டைகளுக்குள் ஓர் உலகம் அடங்க வேண்டும். ஒரு ஷில்லிங் விலைக்கு அதற்குமேல் கட்டை கட்டுப்படியாகாது.

இந்த வரம்பே பாணியை ஆக்கியது. வண்ணங்கள் தட்டையாக, பரந்து நிற்கின்றன. நிழல் அளவாகவே வருகிறது. தாளின் வெண்மை வானமாகவும் சாலையாகவும் மாறுகிறது. கோடு குறையக் குறையப் பிழையும் குறையும் என்றும், எதை விடுவது என்பதே ஒரு சாத்திரம் என்றும் கால்டெகாட் கருதியதை அவர் நண்பர் ஹென்றி பிளாக்பர்ன் தம் நினைவு நூலில் பதிவு செய்துள்ளார். செதுக்குபவர் ஒருவர் அடுத்த மேசையில் உளியோடு காத்திருக்கிறார் என்பதை அறிந்து வரைபவரின் சிக்கனம் அது. தமிழ்நாட்டின் 'பெரிய எழுத்து'க் கதைநூல்களில் வந்த மரக்கட்டைப் படங்களும் குறைந்த கோட்டால் ஆனவையே. ஆனால் அங்கே ஒரே கட்டை பல கதைகளுக்குப் பல அரசர்களாக நின்று உழைத்ததுண்டு. படம் கதைக்குப் பொது அடையாளமாக இருந்தது. கால்டெகாட்டிடம் ஒவ்வொரு படமும் தன் வரிக்கு மட்டுமே உரியது. இடம் மாற்றினால் பொருளிழக்கும்.

நகை நான்கும் ஓர் ஓட்டமும்

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்வது உடம்பில் புலப்படுதல். ஆகவே அது சொல்லுக்கு மட்டுமன்றிப் படத்துக்கும் பொருந்தும் அளவுகோல். கில்பின் படங்களை இவ்வளவுகோலால் நோக்கும்போது, கால்டெகாட் முன்னவர்களிடமிருந்து எங்கே பிரிகிறார் என்பது விளங்குகிறது.

குரூக்ஷாங்க் வந்த கேலிச்சித்திர மரபில் எள்ளலே முதன்மை. அம்மரபு உடலைத் திரித்து, பருத்த வயிற்றையும் பிதுங்கிய கண்ணையும் பார்வையாளர் முன் நிறுத்தும். கால்டெகாட் எள்ளலைக் கைவிடவில்லை. அதன் பங்கைக் குறைத்தார். அவருடைய கில்பின் ஊரார் மதிக்கும் நடுவயது வணிகர். குதிரையின் பிடரியைப் பற்றிக்கொண்டு போகையிலும் தம் மரியாதையை விட்டுக்கொடுக்க விரும்பாதவர். நகை அவருடைய மடனிலிருந்து பிறக்கிறது: தமக்குக் குதிரையேற்றம் தெரியும் என்று நம்பிய எளிமை அது. பேதைமை ஊராரிடம் இருக்கிறது. சுங்கக்காவலர் அவர் பந்தயத்தில் ஓடுகிறார் என எண்ணி வாயிலைத் திறந்துவிடுகின்றனர். இடையில் தொங்கும் ஜாடிகளைக் கண்டோர் அவர் எடை சுமந்து ஓடும் போட்டியாளர் என்கின்றனர். கடைசியில் ஆறு கனவான்கள் திருடன் எனத் துரத்துகின்றனர். ஒரே மனிதரை மூவகையாகப் பிழைபட உணரும் ஊர் இது. இளமை, சாலையோரத்துக் குழந்தைகளிடமும் நாய்களிடமும் வாத்துகளிடமும் இருக்கிறது.

அவ்வாத்துகள் தனியே நோக்கத்தக்கவை. எட்மண்டனின் நீரோடையைக் குதிரை கலக்கித் தண்ணீரை இருபுறமும் சிதறடிப்பதைக் கூறும்போது, கூப்பர் விளையாடும் காட்டுவாத்தை உவமையாக மட்டுமே கொண்டுவருகிறார். கால்டெகாட்டின் புகழ்பெற்ற படத்தில், ஊர் நடுவே பாயும் குதிரையின் காலடியில் உண்மையான வாத்துகள் கழுத்தை நீட்டிச் சிறகடித்துச் சிதறுகின்றன. உவமையாக வந்தது நிலத்தில் வாழும் கருப்பொருளாகிவிட்டது. கவிதையில் அரைவரியில் பறந்துபோன பறவைக்குப் படத்தில் அச்சமும் சினமும் குடும்பமும் வாய்க்கின்றன. கில்பினின் நாள் கெட்டது உண்மைதான். வாத்துகளின் நாளும் கெட்டது என்று படம் சொல்கிறது. பாட்டில் இல்லாத இக்கூற்று பாட்டுக்கு எதிரானதும் அன்று. பால் கோகெய்ன் கால்டெகாட்டின் வாத்துகளைச் சுட்டி, வரைதலின் உண்மையான ஆவி இதுவே என்று பாராட்டியதாக ஓவியர் ஹார்ட்ரிக் நினைவுகூர்கிறார். வியப்பதற்கில்லை.

தமிழ் மரபில் ஊர் நகைக்கக் குதிரையேறி வருவோன் ஒருவன் உண்டு. பனை மடலால் செய்த குதிரையில் எருக்கு சூடி மறுகில் வரும் காதலன் அவன். அவன் நாணத்தைத் தானே துறக்கிறான். ஊரின் சிரிப்பு அவனுக்குக் கருவி. கில்பினுக்கோ நாணத்தை விட மனமில்லை; குதிரை அதைப் பறித்துச் செல்கிறது. முன்னதில் வேட்கை பேசுகிறது; பின்னதில் ஒரு நாள் விடுப்பு. இரண்டிலும் பார்ப்பவராகிய ஊர் இல்லையேல் காட்சியே இல்லை. கால்டெகாட் கில்பினுக்குக் கொடுத்த கவனத்தைச் சன்னல்களுக்கும் வாயில்படிகளுக்கும் கொடுத்ததற்குக் காரணம் அதுவே.

சொல் நின்ற இடத்தில்

கில்பினில் தொடங்கிய பழக்கம் பின்னைய நூல்களில் துணிவு பெற்றது. 1882இல் வந்த நூலில், தட்டு கரண்டியோடு ஓடிப்போனது என்று முடியும் சிறுவர் பாடல் ஒன்றுண்டு. பாடல் அங்கே நின்றுவிடுகிறது. கால்டெகாட் பக்கத்தைத் திருப்பி, சொல்லில்லாத இன்னொரு படம் வைக்கிறார்: தட்டு உடைந்து சில்லுசில்லாகக் கிடக்கிறது; கரண்டியை அவள் பெற்றோரான கத்தியும் முள்கரண்டியும் அழைத்துச் செல்கின்றனர். உடன்போக்குக்குப் பின் நற்றாயும் செவிலியும் வருந்துவதைப் பாடிய மரபில் வந்த வாசகருக்கு, இந்த ஒரு படத்தில் எத்தனை இருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. அதே நூலின் இன்னொரு பாடலில், குழந்தையைப் போர்த்த முயல்தோல் தேடிப் போகும் தந்தை, வேட்டையில் தோற்றுக் கடையில் தோலை வாங்கி வருகிறார். கடைசிப் படத்தில் முயல்தோல் போர்த்த குழந்தை புல்வெளியில் நிற்கும் உயிருள்ள முயல்களைப் பார்க்கிறது. முயல்கள் குழந்தையைப் பார்க்கின்றன. படநூல் கலைஞர் மோரிஸ் செண்டாக் இப்படத்தில் உறைந்துபோனதும், கால்டெகாட்டின் நூல்களையே நவீனப் படநூலின் தொடக்கமாகக் கொண்டதும் அறியப்பட்டவை. குறும்புக்காரரின் பக்கத்தில் மரணம் இவ்வளவு அமைதியாக வந்து அமர்வதை, அவரை இனிமையின் ஓவியர் என்று மட்டும் அழைப்போர் காணத் தவறுகின்றனர்.

தமிழில் இதற்கு ஒப்பு தேடினால் கோபுலு முன்னிற்கிறார். தஞ்சாவூரில் 1924இல் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்று, மாலியின் வழிகாட்டலில் 'ஆனந்த விகட'னில் வளர்ந்தவர் அவர், 2015இல் மறைந்தார். ஒரு சொல்லும் இல்லாத அவருடைய நகைச்சுவைத் துணுக்குகள் தமிழிதழியலில் ஒரு புது வகையையே நிலைநாட்டின. 'தில்லானா மோகனாம்பா'ளுக்கும் சாவியின் 'வாஷிங்டனில் திருமண'த்துக்கும் (1963) அவர் வரைந்த படங்களில், கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் ஒருவர்கூட வெறும் நிரப்பு அல்லர். ஒவ்வொருவருக்கும் ஒரு கவலையோ அவசரமோ உண்டு. இவ்வொற்றுமை கடன்பட்டதால் வந்தது எனக் கொள்ள வேண்டியதில்லை. வார இதழின் காலக்கெடுவும் மலிவுத் தாளும் ஓவியரிடம் கோருவதும், ஒரு ஷில்லிங் நூலின் ஆறு கட்டைகள் கோருவதும் ஏறத்தாழ ஒன்றே: குறைவாக வரை, கூர்ந்து பார்.

இல்லாத ஊர்

கால்டெகாட்டின் குறையும் இங்கேதான் இருக்கிறது. அவர் வரைந்த எட்மண்டன் 1878இன் எட்மண்டன் அன்று. இவ்வூருக்கு 1849இலேயே இரயில் வந்துவிட்டது. 1872இல் இலண்டனோடு நேர்வழி இணைப்பும் கிடைத்தது. மலிவுக் கட்டணத்தில் நாள்தோறும் நகருக்கு வேலைக்குச் செல்லும் தொழிலாளருக்கெனத் தோட்டங்கள் அழிந்து வரிசை வீடுகள் எழுந்துகொண்டிருந்தன. கில்பினுக்கு வாழ்நாள் பயணமாக இருந்த தொலைவு அவர்களுக்கு அன்றாடக் காலைப்பொழுது. மான்செஸ்டரின் ஆலைப்புகையில் ஐந்தாண்டு வாழ்ந்த கால்டெகாட்டின் படநூல்களில் புகைபோக்கிகள் தலைகாட்டுவதில்லை. சிவப்புச் சட்டை வேட்டைக்காரரும் கொழுத்த பண்ணையாளரும் நிறைந்த நூறாண்டுப் பழமையையே அவர் மீண்டும் மீண்டும் வரைந்தார். ஏழைகள் அங்கே உண்டு, வறுமை இல்லை. ஓரளவு இது சந்தையின் கோரிக்கை. ஓரளவு அவர் மனச்சாய்வு. அக்கனவு ஊர் இங்கிலாந்து தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்பிய கதைக்கு வசதியாகவும் அமைந்தது. கோபுலுவின் தஞ்சாவூரைக் குறித்தும் இதே வினாவைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அக்ரகாரத் திண்ணையும் நாதசுரக் கச்சேரியும் அத்தனை அன்போடு தீட்டப்பட்ட பக்கங்களில் வயலில் குனிந்திருந்தோர் எத்துணை முறை தலைகாட்டினர் என்பது இன்னும் எண்ணிப் பார்க்கப்படாத செய்தி.

அமெரிக்க நூலகச் சங்கம் ஆண்டுதோறும் சிறந்த படநூல் ஓவியருக்கு வழங்கும் பதக்கம் கால்டெகாட்டின் பெயரால் 1938 முதல் அளிக்கப்படுகிறது. அதன் ஒரு பக்கத்தில் கில்பின் குதிரைமேல் பாய்கிறார், நாய்கள் துரத்துகின்றன, வாத்துகள் சிதறுகின்றன. கூப்பரின் ஒரு சொல்லும் அதில் இல்லை. படம் கவிதையிலிருந்து விடுதலை பெற்றுத் தானே கதையாகிவிட்டதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. ஆனால் எவன்ஸின் பெயரும் அப்பதக்கத்தில் இல்லை. செதுக்கியவரை மறப்பது அச்சுக்கலை வரலாற்றின் பழைய வழக்கம்.

தமிழில் மறதி இன்னும் ஒரு படி முன்னே செல்கிறது. இதழ்களில் படத்தோடு வாரந்தோறும் படிக்கப்பட்ட தொடர்கதைகள் நூலாகும்போது பெரும்பாலும் படங்களை இழந்தே வெளிவந்தன. ஆய்வேடுகள் அந்நூல்களையே மூலபாடமாகக் கொண்டன. பழைய வாசகர்கள் அவ்விதழ்ப் பக்கங்களைக் கிழித்துத் தைத்துக் கட்டடம் செய்து வைத்த தொகுதிகளில் மட்டுமே அப்படைப்புகள் முழுமையாக எஞ்சியுள்ளன. அத்தகைய தொகுதிகள் இலண்டனின் ஈழத்தமிழர் வீட்டலமாரிகளில் உள்ளவை உட்பட ஆய்வு நூலகங்களுக்கு வந்து சேரும்போது, பட்டியலில் ஆசிரியர் பெயருக்கு அடுத்து ஓவியரின் பெயரும், இதழின் தேதியும், படம் அமைந்த பக்கமும் பதியப்படுதல் வேண்டும். கட்டடம் புதுப்பிக்கையில் விளம்பரப் பக்கங்களையும் வெட்டாது காத்தல் வேண்டும். அச்சின் விலையும் மையின் தரமும் ஓவியருக்கு விதித்த எல்லைகளை அறிய அவையே துணை.